தோல் ஏற்றி வந்த பெட்டி

சுவர் வியர்த்திருந்தது. நண்பகல் வெயிலில் இரும்புப் பெட்டி வியர்ப்பதில் அதிசயம் என்ன என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, அவன் விரலால் துடைத்தான். விரல் வழவழத்தது. முகர்ந்து பார்த்துவிட்டு விரலைச் சட்டையில் அழுத்தித் துடைத்தான்.

கப்பல் சரக்கு வரும் பழைய கன்டெய்னர்களை வாங்கி வாடகை வீடாக மாற்றுவது அவன் தொழில். இது ஆறாவது. உப்புப் போட்ட மாட்டுத்தோல் சுமந்து வந்த பெட்டி.

"தரைப் பலகையப் பேத்து எறிஞ்சிடுங்கண்ணே, தோல்தண்ணி உள்ள ஊறிக் கெடக்கு. மேல இருக்கற காத்து ஓட்டையையும் அடைச்சிடாதீங்க" என்று வெல்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டார். இவன் கேட்டால்தானே? பலகை மேலேயே வினைல் விரிப்பை ஒட்டினான். ஏசி குளிர் வீணாகிறது என்று ஓட்டைகளில் காய்ந்து இறுகும் நுரையை அடித்து மூடினான். சுவரை மறைத்து வெள்ளைப் பலகை. பார்வைக்கு ஜோராகத்தான் இருந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

கடைசியில், புருஷனைப் பிரிந்து கைக்குழந்தையோடு வந்து நின்ற தங்கையை நேற்று அதில் குடியேற்றினான். துணி ஏற்றிய பெட்டி என்று வாய் கூசாமல் சொன்னான்.

"சுவர்ல என்னமோ முடி மாதிரி இருக்குண்ணா, தொடச்சா போகல" என்று காலையில் அவள் போன் செய்தாள். அவன் வந்ததும், "நல்லவேளை வந்த. பால் பவுடர் தீந்துபோச்சு, வாங்கிட்டு ஓடி வந்துடறேன். பாப்பா உள்ள தூங்கறா, பாத்துக்க" என்று கிளம்பிவிட்டாள்.

முடிதான். வெள்ளைப் பலகையைத் துளைத்துக்கொண்டு, செம்பட்டையாக, குட்டை குட்டையாக, ஈரமாக. அருவருப்போடு ஒன்றைப் பிடித்து இழுத்தான். ஈ உட்கார்ந்த மாட்டின் முதுகு போலச் சுவர் சிலிர்த்தது. சிலிர்ப்பு கூரை வரை ஓடி அடங்கியது.

காலடியில் வினைல் மெத்தென்று உள்வாங்க, அதன் விளிம்பில் பழுப்பு நீர் கசிந்தது. உப்பும் அழுகலும் கலந்த வாடை மூக்கில் ஏறி நாக்கில் படிந்தது. மேலே, அவன் மூடிய ஓட்டைகளில், யாருக்கோ மூச்சு முட்டும் சத்தம்.

ஸ்க்ரூ டிரைவரால் நுரையைக் குத்திப் பெயர்த்தான். காற்று உள்ளே பாய்ந்தது. பெட்டி விம்மியது. பிறகு மூச்சை விட்டது. சூடாக. அவன் முகத்தில்.

பாப்பா!

உள்ளறைக்கு ஓடினான். தரை ஒட்டியது. கதவிலும் முடி.

மெத்தையில் குழந்தை இல்லை. சுவரோரம் தவழ்ந்து போயிருந்தது. அங்கே சுவர் வீங்கித் தொங்கியது. ரோஜா நிறத்தில். நான்கு காம்புகள்.

குழந்தையைப் பிடித்து இழுத்தான். சுவரின் தோலும் கூடவே நீண்டு வந்தது. குழந்தை வாயை எடுக்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். "பாப்பா எழுந்துட்டாளாண்ணா? பசிச்சிருக்குமே!"

குழந்தை கண்மூடி, மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. அதன் மோவாயில் பழுப்பு நீர் வழிந்தது.