நூறு தலை

நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. நெவெனா நிறுத்தவில்லை. கதவில் ஒட்டியிருந்த மூன்று சாவு நோட்டீஸ்களில் இரண்டைச் சுரண்டியாயிற்று. மூன்றாவது, மின்காக் கிழவியின் படம் போட்டது, வர மறுத்தது. கீழே வளைவில் ஜீப் உறுமியது. தலைக்கணக்கு எடுக்க வரும் டிமோவ்.

ஒருவழியாகக் கிழித்தபோதுதான் கவனித்தாள். கதவுப் பலகை கதகதப்பாக இருந்தது.

பிப்ரவரியிலிருந்து அடுப்பு எரியாத வீடு. வெயில் பட்டிருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். காலையிலிருந்து மலையையே மூடுபனி விழுங்கிக் கிடந்தது, வெயிலாவது, மண்ணாவது.

ஈயச் சுரங்கம் ஓடிய காலத்தில் விஷ்னி ரிட் ஊராட்சியில் மூவாயிரம் பேர். இன்று உயிரோடு தொண்ணூற்றேழு. நூறுக்குக் குறைந்தால் ஊராட்சியைக் கலைத்துவிடுவார்கள், பஸ்ஸும் நின்றுவிடும். வாரம் மூன்று முறை அந்த பஸ்ஸில்தான் நெவெனாவின் மகள் பிலியானா நகரத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறாள். பஸ் இல்லாவிட்டால் பத்து நாள் தாங்கமாட்டாள்.

மூன்று பேர் குறைந்தது இந்த வீட்டில். ஸ்தோயு, அவர் மனைவி மின்கா, அவர் அக்கா வெலா. பனிச்சரிவில் பாதை அடைபட்டு, விறகு தீர்ந்து, ஒரே போர்வைக்குள் விறைத்துப்போனவர்கள். மீட்க வந்த வெளிநாட்டுப் படைக்கு விஷயம் சரியாகப் புரியவில்லை என்று ஊர் பேசிக்கொண்டது. சாவைப் பதிவது குமாஸ்தா நெவெனாவின் வேலை. அவள் பதியவில்லை.

டிமோவ் மூச்சிரைக்க ஏறி வந்தான். இந்த வருஷம்தான் வேலையில் சேர்ந்தவன்.

"என்னக்கா, ஆட்டுப்பாதையில ஏத்திட்டீங்க. இங்க மனுஷன் இருக்கானா, பேய் இருக்கா?"

மூவரும் காளான் பறிக்கப் போயிருக்கிறார்கள், நானே சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள் நெவெனா. கீழ்த்தெருவில் இரண்டு வீட்டுக்கு அப்படித்தான் முடிந்தது. அவன் பேனாவைத் திறந்தான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது.

பிறகு வாசனை, அவரையும் மிளகாயும் கொதிக்கிற, புகையேறிய சூப் வாசனை, அதன் அடியில் ஈரக் கம்பளி மக்கினாற்போல வேறொன்று. பிறகு செருப்பு. தேய்த்து. தேய்த்து. கதவருகே நின்றது.

"இருக்காங்களே," என்றான் டிமோவ்.

தாழ்ப்பாள் எழுந்தது.

கதவு திறந்தது. திறந்த கை இல்லை.

மேசை. மூன்று பேர். மூன்று தோளுக்கும் ஒரே போர்வை. ஸ்தோயுவின் மீசையில் பனி. அடுப்பு எரிந்தது. பனி உருகவில்லை.

டிமோவுக்கு எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. சூப் வாசனை ஆளைத் தூக்குதே என்று கிழவிகளைக் கிண்டலடித்தபடி எழுதினான். மூன்று.

"நூறு ஆச்சுக்கா. உங்க பஸ் பொழச்சுது." படிவத்தின் கடைசிக் கேள்விக்கு வந்தான். "இந்த வீட்ல வேற யாராவது உண்டா?"

மூன்று தலைகளும் அசைந்தன. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மெதுவாக. ஆறு கண்களும் நெவெனாவின் மேல்.

எங்கள் நாட்டில் அப்படி ஆட்டினால் 'ஆமாம்'.

"அட, நீங்களும் இங்கதானா?" டிமோவ் அடித்துத் திருத்தினான். "அப்ப கீழ் வீட்ல பொண்ணு மட்டும் தனியா. பரவாயில்ல, மொத்தம் அதே நூறுதான்." குடையை விரித்து இறங்கிப் போனான்.

அவனைக் கூப்பிடத் திரும்பினாள். கால் வாசற்படிக்கு உள்ளே இருந்தது. எப்போது வைத்தாள்?

மின்கா போர்வையின் ஓரத்தைத் தூக்கி இடம் விட்டாள்.

"மேல யாராச்சும் இருக்காங்களான்னு அந்த வெளிநாட்டுக்காரன் கேட்டப்ப, நீ இப்படித்தானம்மா தலைய ஆட்டுன?"

கதவு சாத்திக்கொண்டது.

இப்படித்தான் ஆட்டினாள். பழக்கதோஷம், பாவம், என்றது ஊர். ஹெலிகாப்டரில் ஒரு நடைக்குத்தான் எண்ணெய் இருந்தது. பிலியானா மயங்கிக் கிடந்தாள். நெவெனா இத்தாலியில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவள். வெளிநாட்டுக்காரர்களுக்கு அது 'இல்லை' என்று தெரிந்தேதான் ஆட்டினாள்.