எர்த் குழிக்கு ஒரு குடம்

மச்சம் சமைக்காத வீட்டில் கருவாட்டு வாடை அடித்தது. லியாகத் அலி கம்ப்யூட்டரின் பின்பக்கம் குனிந்து முகர்ந்தான். பவர் சப்ளை கருகினால் வருகிற வாடை இதில்லை என்பது, குடவாசலில் பத்து வருஷமாகக் கடை வைத்திருப்பவனுக்குத் தெரியாதா? பட்டனை அமுக்கினான். உள்ளே விசிறி அரைச் சுற்றுச் சுற்றி, யாரோ தொண்டையைச் செருமியது போல ஒரு சத்தத்தோடு நின்றது. இதே சனியன் நேற்று முழுக்க அவன் கடையில் சமர்த்தாக ஓடியிருந்தது.

ஆட்சிக்கு ஆட்சி கரைவேட்டியை மாற்றிக் கட்டுகிற சாரங்கபாணி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். குத்தகைக்காரன் ரெத்தினம் சாகுபடியை விட்டுக்கொடுத்துவிட்டுத் திருப்பூர் போய்விட்டான் என்று அவர் தயார் பண்ணிய மனு அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. விடிந்தால் கோர்ட்டு.

"பொழுது சாயறதுக்குள்ள ஓடணும். முன்னாடி வந்த மெக்கானிக்கோட பல்லு ரெண்டு அந்தத் தூணடியிலதான் கெடக்கு."

சொல்லிவிட்டு வக்கீலுக்குப் போன் பண்ணப் போனார். லியாகத் பெட்டியின் மூடியைத் திறந்தான்.

மெமரியைக் கழற்றி ரப்பரால் துடைத்தான். கேபிளை மாற்றினான். அசையவில்லை. மீட்டரைப் பிளக்கில் வைத்தபோதுதான் பிடிபட்டது: எர்த் சரியில்லை, கரண்டு தரைக்கு இறங்கவில்லை. பச்சை வயரைப் பிடித்துக்கொண்டே கொல்லைக்கு வந்தான். வயர் மாட்டுக்கொட்டகையின் பின்னால், வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணுக்குள் இறங்கியது. வாடை அங்கிருந்துதான் வந்தது. எர்த் குழி இரண்டடி அகலம் இருந்தால் போதும். இது ஓர் ஆள் நீளத்துக்கு இருந்தது. மேற்கொண்டு யோசிக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

சாணி அள்ளிக்கொண்டிருந்த தங்கம்மாள் நிமிர்ந்தாள். ரெத்தினத்தின் பெண்சாதி. அறுப்புக்கு மறுநாள் காணாமல் போன புருஷனைத் தேடிக் கொண்டுவந்து தருவதாக ஐயா சொன்னதை நம்பி, இந்த வீட்டிலேயே வேலைக்கு வருகிறவள்.

"அக்கா, இந்தக் குழிக்குத் தண்ணி ஊத்துறதில்லையா? காய்ஞ்சா மெஷின் ஓடாது."

"தெனம் ஒரு குடம் ஊத்தச் சொல்லியிருக்காங்க தம்பி. மூணு நாளா காய்ச்சல், வரலை."

பெட்டி படுத்ததும் மூன்று நாளாகத்தான்.

"குழிய யாரு வெட்டினது?"

"ஐயாவேதான். உப்பும் கரியும் மூட்டை மூட்டையாக் கொட்டினாங்க. அவங்க மம்பட்டியைத் தொட்டு நான் பாத்தது அன்னிக்குத்தான்."

அவள் குடத்தை எடுத்துக்கொண்டு பம்பு செட்டுக்கு நடந்தாள்.

வயர் முடிச்சைப் பார்த்துவிட்டு உடனே மூடிவிடலாம் என்றுதான் லியாகத் மண்ணை விலக்கினான். உப்பு. கரி. மறுபடி உப்பு. அப்புறம் விரல்கள். உப்பில் சுருங்கி, செம்புக் கம்பியை இறுகப் பிடித்திருந்த விரல்கள். சுண்டுவிரல் பாதிதான் இருந்தது.

"ஒன்னத் தோண்டச் சொன்னேனாடா?"

கடப்பாறை இறங்கியது. தோள்பட்டை முறிந்த சத்தம் அவனுக்கே கேட்டது. மண்ணில் விழுந்தான். கத்த முடியவில்லை. சாரங்கபாணி குழியோரம் காலை ஊன்றி, அவன் மண்டைக்குக் குறி பார்த்து மறுபடி ஓங்கினார்.

தங்கம்மாள் வந்து நின்றாள். தன் புருஷனின் பாதிச் சுண்டுவிரலைப் பார்த்தாள். இடுப்புக் குடம் நழுவிக் குழிக்குள் கவிழ்ந்தது.

வீட்டுக்குள் பெட்டி ஒரு 'பீப்' போட்டு ஓடத் தொடங்கியது.

விரல்கள் கம்பியை விட்டன. நீண்டன. சாரங்கபாணியின் கணுக்காலைப் பிடித்தன.

எலும்பு நொறுங்கியது. கடப்பாறை எகிறி விழுந்தது. முழங்கால் வரை மண் அவரை உள்ளிழுத்தது. "தூக்கிவிடுடி! தங்கம், தூக்கிவிடு தாயி!"

அவள் குனிந்து குடத்தை மட்டும் எடுத்தாள்.

"இருங்கய்யா. இன்னொரு குடம் கொண்டாறேன்."

இரண்டாவது குடத்துக்கு இடுப்பு வரை போனார். மூன்றாவதுக்கு மார்பு. உள்ளே ஏதோ அவரைக் கிழித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் சிவப்பாகப் பொங்கி லியாகத்தின் முகத்தை நனைத்தது. அவனால் நகர முடியவில்லை, கண்ணை மூடவும் முடியவில்லை.

நான்காவது குடத்தோடு அவள் வந்தபோது மண்ணுக்கு மேலே ஒரு வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது.

அவள் அதிலேயே ஊற்றினாள்.