அந்த ஐந்து விநாடி

"தட்!"

சுத்தியல் ராஜாங்கத்தின் பின்மண்டையில் இறங்கியது!

ரெட்டியார்பாளையம். காலை பதினொன்றரை மணி. பத்திரிகை நிருபர் ராஜாங்கம் நாற்காலியோடு சரிந்தார்.

"என்னைப் பத்தியே எழுதறியா? பிரான்ஸ்ல இருக்கற கிழவி வீட்டுக்கு நான் போலிப் பத்திரம் போட்டதை ஊருக்கே சொல்லப் போறியா?"

கத்தியவன் விஜயராகவன். வீட்டு புரோக்கர். இரண்டாவது அடி காதோரம் விழுந்தது. ரத்தம் சுவர் வரைக்கும் தெறித்தது.

மேஜை மேல் ராஜாங்கத்தின் புத்தம்புது டிஜிட்டல் ரெக்கார்டர். அதில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

ராஜாங்கம் தவழ்ந்தார். எட்டினார். பட்டனை அழுத்தினார்.

மினுக்கல் நின்றது... விளக்கு நிலையாக எரிந்தது. பதிவு ஆரம்பம்!

விஜயராகவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான். மூன்றாவது அடியைப் பேசாமலே அடித்தான். ராஜாங்கம் முனகினார். பிறகு அதுவும் நின்றது.

மெஷினைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான். ஓடவில்லை. ஏன்?

அரை மணி முன்னால் ஜன்னலுக்கு வெளியே ஒளிந்திருந்தபோது, மெஷினை விற்ற கடைக்கார ஆசிப் இங்கே வந்து எகிறியதைக் கேட்டிருந்தான். "இன்னொரு வாட்டி எங்க கடையப் பத்தித் தப்பாப் பேசுன... கொன்னுடுவேன்!" அது அப்படியே பதிவாகியிருந்தது; ராஜாங்கம் அதை ஆசிப்புக்கே போட்டும் காட்டினார்.

பலி ஆடு ரெடி! விஜயராகவன் மெஷினைத் தொடவில்லை. பின்வாசல் வழியாக நழுவினான்.

சாயங்காலத்துக்குள் ஆசிப்பின் கையில் விலங்கு.

ஐந்தாம் நாள். பகல் ஒன்றரை மணி.

புதுச்சேரிக் கடைவீதி சாப்பிட்டுத் தூங்கும் நேரம். நாலு மணி வரைக்கும் வரிசையாக ஷட்டர் இறங்கிக் கிடக்கும். ரமீஜாவின் கடை மட்டும் பாதி திறந்திருந்தது. தம்பி ஆசிப் காலாப்பட்டு ஜெயிலில் இருக்க, அவளுக்கு எங்கே தூக்கம்? எங்கே சாப்பாடு?

விஜயராகவன் குனிந்து உள்ளே வந்தான். அந்த மெஷின் தன் குரலையும் பிடித்திருக்குமோ என்ற சந்தேகம் ஐந்து நாளாக அவனை அரித்துக்கொண்டிருந்தது. தோளில் ஜோல்னாப் பை.

"ஒசத்தியான ரெக்கார்டர் ஒண்ணு வேணும்மா. ராஜாங்கம் வாங்கினாரே... அதே மாடல்."

அந்தப் பேரைக் கேட்டதும் ரமீஜா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனால் கடை, வாடிக்கையாளர். டெமோ மெஷினை எடுத்து ஆன் செய்தாள். சிவப்பு விளக்கு மினுக்க ஆரம்பித்தது.

"முழுக்க அலுமினிய பாடி சார். கையில வாங்கிப் பாருங்க, என்னா கனம்! கீழ விழுந்தா டைல்ஸ்தான் ஒடையும்."

"சுத்தியலால அடிச்சா?"

"மைக் நசுங்கும். பட்டன் போயிடும். உள்ள மெமரி தப்பிச்சிக்கும்."

"தண்ணியில போட்டா?"

"மெஷின் செத்துடும். பதிஞ்சது சாகாது. எடுக்கத் தெரிஞ்சவங்க எடுத்துடுவாங்க." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு சார் இப்படிக் கேக்கறீங்க?"

"காசு குடுத்து வாங்கறோம்ல. சரி, இந்த லைட்டு மினுக்குதே... அப்ப பதியலதானே?"

"மினுக்குனா காத்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். ஆனா இந்த மாடல்ல ஒரு வசதி இருக்கு. நாம அழுத்தறதுக்கு முன்னாடி பேசினது அஞ்சு செகண்ட் உள்ளயே சுத்திக்கிட்டு இருக்கும். அழுத்தின ஒடனே அதுவும் சேர்ந்து பதிஞ்சிடும்."

விஜயராகவனுக்குக் குப்பென்று வேர்த்தது.

"மு... முன்னாடி பேசினதுமா?"

"ஆமா சார்."

"அப்ப அந்த ராஜாங்கம் டேபிள்ல மினுக்கிட்டு இருந்ததே, அதுலயும்..."

ரமீஜா மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போலீஸ் அங்க போனப்ப லைட்டு நிலையா எரிஞ்சிக்கிட்டு இருந்துச்சு. இன்ஸ்பெக்டர்தான் சொன்னாரு. அது மினுக்கினதை... நீங்க எப்ப பார்த்தீங்க?"

அவன் இரண்டே எட்டில் வாசலுக்குப் போனான்.

கடகடவென்று ஷட்டர் தரை வரை இறங்கியது!

ஜோல்னாப் பையிலிருந்து சுத்தியல் வெளியே வந்தது. ராஜாங்கத்தின் மண்டையைப் பிளந்த அதே சுத்தியல்!

"ராஜாங்கத்துக்கு மூணு அடி அடிச்சேன். உனக்கு ஒண்ணு போதும்!"

"யா அல்லாஹ்!"

ரமீஜாவின் கட்டைவிரல் பட்டனை அழுத்தியது. விளக்கு நிலைத்தது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறியே வந்துவிட்டது!

சுத்தியல் பாய்ந்தது. விலகினாள்... கண்ணாடி கவுன்ட்டர் சுக்கு நூறானது. அவன் வலது கை முழங்கை வரை கிழிந்து ரத்தம் கொட்டியது. இடது கையால் அவள் கழுத்தைப் பிடித்து ஷெல்ஃபோடு வைத்து நெரித்தான். ரமீஜாவுக்குக் கண் இருண்டது. ஜெயில் கம்பிக்குப் பின்னால் ஆசிப் அழுத அழுகைதான் ஞாபகம் வந்தது.

கையில் இன்னும் ரெக்கார்டர் இருந்தது.

முழு பலத்தோடு அவன் நெற்றிப்பொட்டில் இறக்கினாள்.

ஒரு முறை... இரண்டாம் முறை... எலும்பு விரிசல் விடுகிற சத்தம் கேட்டது. விஜயராகவன் கண்ணாடித் துண்டுகள் மேலேயே மல்லாந்து விழுந்தான்.

ரமீஜா போன் செய்து, இன்ஸ்பெக்டர் வேம்பு கான்ஸ்டபிள்களோடு வந்தபோது அவனுக்குப் பாதி மயக்கம் தெளிந்திருந்தது.

"ஏம்மா, நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் வேம்பு. "ராஜாங்கம் மெஷினை லேபுக்கு அனுப்பினோம்ல? காலையில ரிப்போர்ட் வந்துடுச்சு. உன் தம்பி கத்தினது இருக்கு. அப்புறம் முனகல், காக்கா சத்தம். வேற ஒண்ணும் இல்ல."

தரையிலிருந்து விஜயராகவன் அலறினான். "இல்லையா? அஞ்சு செகண்டு...? இவதான் சார் இருக்குன்னா!"

"வசதி இருக்குன்னு சொன்னேன். அவரு போட்டு வெச்சிருக்காருன்னு சொன்னேனா?" கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள் ரமீஜா. "கம்பெனியிலேர்ந்து வரும்போது அது அணைச்சுதான் வரும் சார். நாமதான் மெனுவுல போயிப் போடணும். ராஜாங்கம் சார் மெஷின் கூட வந்த புக்கைப் பிரிச்சே பார்க்காம, மெஷின் சரியில்லன்னு பேசிட்டு இருந்தாரு. அதைச் சொல்லப் போயித்தான் ஆசிப்புக்கும் அவருக்கும் சண்டையே!"

"அப்ப இவன் சும்மா வீட்டுல படுத்துக் கெடந்திருந்தா..."

"என் தம்பி ஆயுசுக்கும் உள்ள கெடந்திருப்பான்." அவள் கையிலிருந்த மெஷினைக் காட்டினாள். "டெமோ மெஷின்ல மட்டும் தெனம் காலையில நான் அதைப் போட்டு வெப்பேன் சார். கடை வழக்கம்."

ரத்தம் படிந்த ரெக்கார்டரில் ப்ளே பட்டனை அழுத்தினாள்.

'ராஜாங்கத்துக்கு மூணு அடி அடிச்சேன். உனக்கு ஒண்ணு போதும்!'

அட்சரம் பிசகாமல் ஒலித்தது! கூடவே கண்ணாடி உடைகிற சத்தமும். விஜயராகவன் கண்ணை மூடிக்கொண்டான். விலங்கு மாட்டினார்கள்.

"நாளைக்கே உன் தம்பி வெளிய வர்றதுக்கு ஏற்பாடு பண்றேன்மா," என்ற வேம்பு, மெஷினை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் ஒரு சின்ன நசுங்கல். அவ்வளவுதான். "மண்டை பொளந்திருக்கு... இதுக்கு ஒண்ணுமே ஆகலியே!"

ரமீஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி தாங்கும்னு சொல்லித்தான் சார் விக்கறோம். நல்லா அடிக்கும்னு போட கேட்லாக்ல எடம் இல்ல!"