ஐந்தாம் ஜோடிக் கால்

திங்கட்கிழமை சாராள் வரைந்தபோது அதன் வால் பாதி வெளியே நீண்டிருந்தது. புதன்கிழமை சாயங்காலம் சீசாவைத் திறந்தால் வால் வயிற்றுக்கடியில் மடங்கிக் கிடந்தது. ஆறு மாதமாக ஸ்பிரிட்டில் ஊறும் செத்த ஜந்து.

கல்லூரியில் விலங்கியல் கற்பித்த அவள் கணவர் வேதசிரோமணியின் கட்டுரைகளுக்கு இருபது வருஷமாக அவள்தான் படம் வரைந்தாள். ஆறு மாதம் முன்பு, எண்பத்தேழின் நடுவில், ஆராய்ச்சிப் படகிலிருந்து அவர் கடலில் விழுந்தார். உடல் கிடைக்கவில்லை, விரலில் கிடந்த கல்யாண மோதிரமும். அன்று காலை வலையில் வந்த இந்தக் குட்டைச் சிங்கி இறாலோடு, 'புதிய இனம்' என்று அவர் பென்சிலால் எழுதிப் போட்ட சீட்டும் சீசாவுக்குள் மிதந்தது. பேர்தான் இறால், துறவி நண்டுக்குத்தான் அது பங்காளி.

வாசலில் குடையோடு நின்றார் அவருடன் வேலை பார்த்த அசரியா.

"நாளைக்குக் கட்டுரை அச்சுக்குப் போகுது அக்கா. படம் சரியில்லன்னா பழைய இனம்னே போட்டுடுவேன். சாரோட பேரு வராது."

"திங்கக்கிழமை இது இப்படி இல்ல, அசரியா."

"சீசாவுக்குள்ள எக்சர்சைஸ் பண்ணுதாக்கும்! மொதல்ல கண்ணாடிய மாத்துங்கக்கா."

"முள்ளு முள்ளா எண்ணினவ நான். காலைல ஏழு மணிக்கு வாங்க. படம் இருக்கும்."

அவர் போனதும் தாழ் போட்டாள். தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஊதி ஓய, ஓட்டுக்கூரையில் மழை கனத்து இறங்க, பின்னறையின் ஸ்பிரிட் நெடிக்குள் உப்புத் தண்ணீர் வாடை ஒன்று மெல்லக் கலந்து ஏறுவதை அவள் மூக்கு உணர்ந்தது. வாலை மடக்கி நண்டாக மாறுவது வெவ்வேறு வம்சங்களில் தனித்தனியாகப் பலமுறை நடந்தது என்பார் அவள் கணவர். ஒவ்வொன்றுக்கும் கோடிக்கணக்கான வருஷம். இதற்கு இரண்டு நாள்.

"மடக்கு. எவ்வளவு வேணா மடக்கு. நான் வரைவேன்," என்றாள் உரக்க.

ஓடு, வரிகள், நீண்ட கிடுக்கிகள் எல்லாம் தாளில் ஏறின. கடைசி ஜோடிக் கால்தான் பாக்கி. செவுளைத் துடைப்பதற்காக ஓட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் சின்னக் கால். அது இல்லாமல் படம் முழுசாகாது.

இடது கையால் ஊசியை நுழைத்தாள். ஓட்டின் ஓரத்தை நெம்பினாள். லென்ஸில் கண்ணை வைத்தாள்.

கால் இல்லை.

விரல்கள். ஐந்து. அரிசி நீளம். நகங்கள் இருந்தன. ஒன்றில், மயிரிழை அளவு, தங்க வளையம்.

ஊசியைப் பிடித்தன.

இழுத்தன.

சாராள் விடவில்லை. பல்லைக் கடித்தாள். வலது கையால் பேனாவை மையில் தோய்த்தாள்.

முதல் விரலை வரைந்து முடித்தபோது மறுபக்கத்து ஓடு தானாக உயர்ந்தது. அதற்கடியிலிருந்து இன்னொரு கை அவள் முகத்தை நோக்கி நீண்டது.