சின்னச் சாவடி வழி

பின்னால் தண்ணீர்ப் பம்பு ஓடியது.

குழாயைத் திறந்தால் ஓடும், மூடினால் நிற்கும் பம்பு அது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த லார்ன் ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்டான். தரைக்கு அடியிலிருந்து வரும் அந்த முனகல் அவன் உள்ளங்கால்வரை அதிர்ந்து, ஒரு டம்ளர் நிறையும் நேரம் நீடித்து, நின்றது. கட்டிலும் சிங்க்கும் வைத்த அந்த வீட்டுவண்டியில் குழாயைத் திறக்க யாரும் இல்லை. மனைவி வெர்னா மட்டும் பின்கட்டிலில் கிடந்தாள். விடிகாலையில், மொன்டானாவில் ஒரு பெட்ரோல் பங்க் ஓரத்தில், காபியோடு எழுப்பப் போனபோது அவள் கன்னம் குளிர்ந்து போயிருந்தது.

ஓரம் கட்டிவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தான். வளைவுகளில் உருளாமல் இருக்க, சரக்குக் கட்டும் பட்டை இரண்டால் அவளைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பட்டை இறுக்கமாகவே இருந்தது. அவள் கைக்குப் பூசும் களிம்பின் வாசனை, அதற்கு அடியில் வேறொன்று, கிளறிய ஈரமண்ணின் வாசனை. வெளியே ஏப்ரல் பனி இன்னும் இளகவில்லை; மண் கல்லாகக் கிடந்தது. சிங்க்கில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர் நிமிர்ந்திருந்தது. உள்ளே ஈரம்.

முப்பத்தொரு வருடம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்தவன். இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவன். குழாய் கசிந்தாலும் பம்பு ஓடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு, பம்பு சுவிட்சை அணைத்துவிட்டு ஓட்டினான்.

ஊர் நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம். எல்லைக்கு இரண்டு வழி. பெரிய சோதனைச் சாவடியில் வண்டியைத் தனியே ஒதுக்கி, நாயை ஏற்றி, மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவளை அங்கேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். அறுப்பார்கள், குளிர்பெட்டியில் போடுவார்கள், எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்குமோ. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ஊர்க் கல்லறையில் மகன் டெவின் பக்கத்தில் படுக்க வேண்டும். சின்னச் சாவடியில் இருப்பது கிர்பி, டெவினோடு படித்தவன். அவன் உள்ளே ஏறிப் பார்க்கமாட்டான்.

ஆனால் அந்த ரோட்டில்தான் வளைவு இருக்கிறது.

நேற்று ராத்திரிகூட வெர்னா வரைபடத்தில் விரல் வைத்துப் பெரிய வழியைக் காட்டினாள். "எனக்கு உசிரு இருக்கறவரைக்கும் அந்த ரோட்டுல என்னைய ஏத்திக்கிட்டுப் போவாத."

உயிர் இருக்கிறவரைக்கும் என்றுதானே சொன்னாள். காலையிலிருந்து அதைத்தான் மென்றுகொண்டு வந்தான்.

சாவடியில் வேறு வண்டி இல்லை. சாம்பல் நிற மாலை. கிர்பி தொப்பியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"அட, பெருசு! பத்துப் பதினொரு வருசமா சுத்திக்கிட்டுத்தான போவீங்க, இன்னிக்கு என்ன எங்க மேல பாசம்?" சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "மன்னிச்சுக்குங்க. வாய் சும்மா இருக்காது எனக்கு. துப்பாக்கி, சாராயம், உருளைக்கிழங்கு ஏதாச்சும் கொண்டு போறீங்களா?"

"ஆரஞ்சு நாலு இருக்கு."

"அத நானே தின்னுருவேன். வெர்னா எங்க?"

"தூங்குறா. ரெண்டு நாளா ஒடம்பு சரியில்ல."

பாஸ்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு கிர்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான்.

"தூங்குறாங்களாம்! சிங்க்கிட்ட நிக்கறாங்க, கையில டம்ளரோட. ஜன்னலைத் தட்டினேன், திரும்பவே இல்ல. என்ன, சண்டையா? போய்ச் சமாதானம் பண்ணுங்க." தடுப்புக் கம்பி மேலே எழுந்தது.

லார்ன் ஓட்டினான். திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது. முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை வண்டியின் ஆட்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது.

டெவின் வராத அந்த அக்டோபர் ராத்திரி வெர்னா மூன்று தடவை எழுப்பினாள். "போய்ப் பாத்துட்டு வாய்யா." அவன் புரண்டு படுத்தான். "எங்கயாவது குடிச்சிட்டுக் கெடப்பான். காலையில வருவான், தூங்கு."

காலையில் இவன்தான் போனான். வளைவுப் பள்ளத்தில் வண்டி கவிழ்ந்து, பையன் அதன் அடியில். விடியும்வரை உயிர் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். வாய் நிறைய மண். தாகத்துக்குக் கைக்கு எட்டிய ஈரமண்ணைச் சப்பியிருக்கிறான். வெர்னா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் லார்னை எழுப்பவும் இல்லை.

வளைவு வந்தது. நிறுத்தக் கூடாது என்றுதான் இருந்தான்.

கடகடவென்று படி வெளியே நீண்டது. கதவு திறந்தால்தான் அந்தப் படி நீளும். குளிர்காற்று திரையைத் தள்ளி அவன் பிடரியில் பட்டது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது.

வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. யாரோ வெளியிலிருந்து ஏறப் படியில் கால் வைத்தால் சாய்கிற மாதிரி.

நிமிர்ந்தது.

கதவு மூடியது. படி உள்ளே போனது.

மண் வாசனை.

பம்பு ஓடத் தொடங்கியது. சுவிட்ச் அணைந்தபடியே இருந்தது. பம்பு ஓடியது. நிற்கவில்லை. தொட்டியின் அளவு காட்டும் நாலு விளக்கில் ஒன்று அணைந்தது.

"வெர்னா," என்றான். "நான் அன்னிக்கே எந்திரிச்சுப் போயிருக்கணும். தெரியும். தெரியும்டி."

விழுங்கும் சத்தம். ஒரு இளவட்டம் மூச்சு வாங்கும் சத்தம். மறுபடி விழுங்கும் சத்தம்.

இரண்டாவது விளக்கு. மூன்றாவது.

கடைசி விளக்கும் அணைந்தது. பம்பு காற்றை உறிஞ்சிக் கடகடத்தது. வறண்ட தொண்டை மாதிரி. அப்புறம் அதுவும் நின்றது.

திரை விலகியது.

அவன் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. வெர்னாவின் கை. மோதிரம். மணிக்கட்டில் பட்டை பதிந்த தடம். விரல்களுக்குள் காலி டம்ளர், விளிம்பெல்லாம் மண்.

இன்னும் வேண்டும் என்பதுபோல் டம்ளர் ஒருமுறை அசைந்தது. பிறகு அசையவில்லை. அவன் முகத்துக்கு நேரே நீட்டியபடியே இருந்தது.