படுக்கைப்புண்ணும் பச்சைக் கண்களும்

அது கம்ப்யூட்டர் வராத காலம். ஹாலிஃபாக்ஸ் நகரத்தின் அக்டோபர் மழைக்காற்று எல்லார் குடையையும் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம்... நர்சிங் முதலாண்டு மாணவி லிசெட், கல்லூரி நூலகத்தில் எந்தக் கட்டுரை எந்த இதழில் வந்தது என்று பட்டியல் போடும், சிவப்பு அட்டை போட்ட இண்டெக்ஸ் தொகுதிகளுக்கு முன்னால் திருதிருவென விழித்துக்கொண்டு நின்றாள். படுக்கைப்புண் பற்றி மருத்துவ இதழ்களில் வந்த கட்டுரைகளை அவளே தேடி எடுக்க வேண்டும். பாடப்புத்தகத்தைத் தொடவே கூடாதாம்!

பக்கத்தில் ஒரு நெட்டையன் தொகுதிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"இந்தாங்க... படுக்கைப்புண் பத்தி இருக்கிறதை எல்லாம் எடுத்துக் குடுங்களேன்."

திரும்பினான். கடல் பச்சையில் இரண்டு கண்கள்... வந்த வேலையே அவளுக்கு ஒரு நொடி மறந்துபோனது.

"எல்லாத்தையுமா? லாரி கொண்டு வந்திருக்கீங்களா?"

"நக்கலா?"

"பின்னே? யாருக்கு வந்த புண்ணு? என்ன செஞ்சா வராம இருக்கும்? முதல்ல அதை முடிவு பண்ணுங்க. கேள்வியைச் சுருக்கினாத்தான் தேட முடியும்."

"ம்... இடுப்பு ஒடிஞ்ச வயசானவங்க. அடிக்கடி புரட்டிப் படுக்க வெச்சா புண் வராதா?"

"அப்படிக் கேளுங்க!"

தலைப்பைப் பிடித்து, ஆண்டு ஆண்டாகப் பின்னோக்கிப் போனார்கள். இதழின் பெயர் எது, பக்க எண் எது என்று அவன் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். ஒரே வரியில் இருவர் விரலும் மோதியபோது இருவருமே "ஸாரி" சொன்னார்கள்.

"லைப்ரரியில எத்தனை வருஷமா வேலை பாக்கறீங்க?"

"வேலையா? நான் நர்சிங் ரெண்டாம் வருஷம். பேரு லாக்லின்."

"நர்சா... நீங்களா?" களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பச்சைக் கண்கள் சட்டென மங்கின. தொகுதியை மூடி வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பாவி மகள், அந்தச் சிரிப்பை அடக்கியிருக்கக் கூடாதா!

மறுநாளிலிருந்து தினமும் வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான்... ஆனால் அவனைக் கண்டதும் வறட்டு கௌரவம் வாயை அடைத்துவிடும். கட்டுரையை எழுதிக் கொடுத்த பிறகும் வந்துகொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, கவுண்டரில் அவன் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"என்ன... இத்தனையும்?"

"படிப்பை விடறேன். எங்க ஊரு கேப் பிரெட்டன்ல அப்பாவோட மீன்பிடிப் படகுக்கு ஆள் வேணுமாம். பொம்பளை வேலைக்குப் படிக்கிறியேன்னு அவரும் சிரிக்கிறாரு."

அந்த 'அவரும்' அவளைச் சுட்டது. கௌரவம் எங்கே போனதோ தெரியவில்லை.

"நான் சிரிச்சது தப்பு. மன்னிச்சிடு. போகாதே லாக்லின்!"

"கேன்டீன்ல ஒருத்தர்கூட என் பக்கத்துல உக்காரல. அதனாலதான் இந்த லைப்ரரி எனக்கு இவ்வளவு அத்துப்படி."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இனிமே நான் உக்காருவேன்."

"பாவம் பாத்தா?"

"பாவம் பாக்கிறவ தினம் தலைசீவி, தொப்பலா மழையில நனைஞ்சு வருவாளா? உன்னைப் பாக்கத்தான்டா வரேன், மக்கு! உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு..."

லாக்லின் கவுண்டரிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டான்.

"சாப்பிட்டியா?"

"இல்ல..."

"வா."