நாலாவது கேபிள்

போன் அடித்தது.

பிணத்தின் சட்டைப் பையில்!

இன்ஸ்பெக்டர் எடுத்தார். திரையில் 'அக்கா'.

"டேய், சாப்பிட வராம எங்கடா தொங்குறே?"

அவர் தொப்பியைக் கழற்றினார். "அம்மா... கொஞ்சம் டவருக்கு வாங்க..."

வந்தாள். அழவில்லை. தம்பியின் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

உச்சி விளக்கை மாற்ற ஏறியவன். முன்னூறு அடி டவரை நான்கு பக்கமும் இழுத்துப் பிடித்திருந்த இரும்புக் கேபிள்களில் நான்காவது அறுந்து, டவரோடு சாய்ந்துவிட்டான்.

அறுந்த முனையைத் திருப்பினாள். வெளியே பளபள பெயின்ட். உள்ளே... பொலபொலவென்று துரு!

"இது கொலை சார்!"

அவள் விரல் பக்கத்தில் நின்ற டவர் கம்பெனி மானேஜரைக் காட்டியது.

"என்னம்மா உளர்றீங்க?" மானேஜர் பதறினார். "போன மாசம் கேபிளை டெஸ்ட் பண்ணது அக்கா தம்பி நீங்க ரெண்டு பேரும்தானே? நாலும் நல்லா இருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தீங்களே!"

"காட்டுங்க."

ரிப்போர்ட் வந்தது. காந்த வளையத்தைக் கேபிளில் மாட்டி ஓட்டினால், உள்ளே ஒளிந்திருக்கும் துருவை ஈசிஜி மாதிரி கோடாக வரைந்து தரும் மெஷின்.

மூன்றாவது கோட்டைப் பார்த்தாள். நான்காவதைப் பார்த்தாள். அதே மேடு... அதே பள்ளம்...

"சார், ரெண்டு பேருக்கு ஒரே கைரேகை இருக்குமா? மூணாவதைக் காப்பி எடுத்து நாலாவதுன்னு ஒட்டியிருக்கார் இவர்! ஒரிஜினல் எங்க மெஷின்ல இருக்கு!"

இன்ஸ்பெக்டர் மானேஜரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

அவள் தன் வேனிலிருந்து மெஷினை எடுத்து உயிர் கொடுத்தாள்.

அதிலும்... அதே கோடுகள்!

வளையத்தை ஓட்டியவன் தம்பி. மூன்றாவதிலேயே இரண்டு தடவை ஓட்டியிருக்கிறான். 'கையெழுத்து போடுக்கா' என்று நீட்டியபோது, பார்க்காமலே போட்டவள் அவள்.

"ஏன்டா?" பிணத்தைக் கேட்டாள்.

லொள்!

நான்காவது கேபிள் மண்ணில் இறங்கும் இடம். பக்கத்தில் டவர் வாட்ச்மேன் எப்போதும் கட்டிவைத்திருக்கும் நாய்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"சார்... அவரை விட்டுடுங்க. முன்னூறு அடி சிரிச்சுக்கிட்டே ஏறுவான். நாய் இருக்கிற தெருவுன்னா மட்டும் என் கையைப் பிடிச்சுக்குவான்..."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டிருந்தது.

"சொல்லியிருந்தா நான் ஓட்டியிருப்பேனேடா..."

"அம்மா..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"எழுதிக்குங்க சார். பார்க்காம கையெழுத்துப் போட்டது நான்தான்."

வாட்ச்மேன் தலையில் அடித்துக்கொண்டார். நாயின் வாயைப் பிளந்து காட்டினார்.

"ஐயோ... இதுக்குப் பல்லே இல்லையேம்மா! ரொட்டியைக்கூட ஊறவெச்சுத்தான் போடுறேன்!"